எப்போதாவது பாஸ் மீன்

ஏப்ரல் 9, செவ்வாய்

காலை முழுக்க பள்ளத்தாக்குச் சாலையில் குழி அடைத்தோம். பனி உருகிப் போனதும் ரோடு அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி ஆகிவிடுகிறது. தார், ஜல்லி, கூட வேலை செய்கிற டுவேனின் பாட்டு. மூன்றும் ஒரே தரம்.

மத்தியானம் என் தூண்டில் கோல் உடைந்தது.

டோரன் ஓடைப் பாலத்தில் லாரியை நிறுத்தியிருந்தோம். கோல் எப்போதும்போல இருக்கைக்குப் பின்னால் இருந்தது, நுனி மட்டும் கொஞ்சம் வெளியே. யாரோ காரை நிறுத்திப் பேச்சுக் கொடுத்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பியபடியே கதவைச் சாத்தினேன். டக். டுவேன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு தலை குனிந்தான், படவா. ஏழடி கண்ணாடியிழைக் கோல், இருபது வருஷத்துக்கு மேல் என்னோடு இருந்தது. அப்போதிருந்து இந்த ஓடையில் நான் பிடித்த ட்ரவுட் மீன் எல்லாம் அதில்தான்.

யாருடைய கார் என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஏப்ரல் 10

லவோனின் கார்.

என் சொந்த நோட்டில் நானே எதற்கு மறைக்க வேண்டும்? லவோன். சீஸ் தொழிற்சாலையில் பால் பரிசோதிக்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து மாநிலமான மினசோட்டாவிலிருந்து வந்து ஆற்றோரம் வாடகை வீட்டில் இருக்கிறாள். கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம். எனக்கோ ஐம்பத்தாறு வயதாகியும் கல்யாணம் என்று ஒன்று நடக்கவே இல்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. குளிர்காலத்தில் பனி வழிக்கும் வண்டி, கோடையில் ரோடு, மிச்ச நேரம் ஓடை. அப்படியே போய்விட்டது.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, மதுக்கடையில் வாராவாரம் போடும் மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு பிரசங்கம் செய்தேன்: "பாஸ் எல்லாம் ஒரு மீனா? பழைய செருப்ப தூக்கிப் போட்டாலும் கவ்வும். அதுக்கு எதுக்குத் தூண்டிலு, குப்பைத்தொட்டி போதாது?" அடுத்த மேஜையிலிருந்து குரல் வந்தது: "ட்ரவுட் பிடிக்கிறவங்க மட்டும் என்னவாம்? பேனா நீளத்து மீனுக்கு முட்டி போட்டு ஜெபம் பண்றாங்க." கடையே சிரித்தது. அவள் ஆற்றில் பாஸ் பிடிப்பதில் கெட்டிக்காரி என்பது எனக்கு அதற்கப்புறம்தான் தெரியும். அன்றிலிருந்து பார்க்கிற இடத்திலெல்லாம் சண்டைதான். அந்தச் சண்டைக்காகவே நான் சீஸ் தொழிற்சாலை ரோட்டைத் தேவைக்கு அதிகமாகச் செப்பனிடுகிறேன் என்று டுவேன் சொல்கிறான்.

நேற்று பாலத்தில் காரை நிறுத்தி அவள் சொன்னது இதுதான்:

"ஜூன்ல தண்ணி சூடானதும் பாஸ் எல்லாம் இந்த ஓடை ஆத்துல சேருற இடத்துக்கு வரும். வெள்ளப் பாறை ஒண்ணு இருக்கும், அதுக்குக் கீழ. வந்து ஒண்ணு பிடிச்சுப் பாருங்க. அப்புறமா செருப்புப் பேச்சு பேசலாம்."

இடத்தைச் சொல்லிவிட்டாள்!

இந்த ஊரில் யாராவது மீன் பிடிக்கிற இடத்தைச் சொல்வார்களா? என் அக்கா வெர்னாவின் கணவர் அவளிடம்கூடச் சொல்லாமலே கண்ணை மூடினார். நானே வண்டியை அடுத்த பாலத்தில் நிறுத்திவிட்டு அரை மைல் புல்லில் நடந்து வருகிறவன். அப்படியிருக்க, பாறை, நிறம், மாதம் எல்லாவற்றோடும் சொன்னால் கதவு எங்கே சாத்துகிறது என்று யாருக்குத் தெரியும்.

ஏப்ரல் 12, வெள்ளி

மீன் வறுவல். லவோன் வரவில்லை. வெர்னாதான் அங்கே அடுப்பைப் பார்க்கிறாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"விஷயம் தெரியுமாடா? லவோனோட அண்ணன் மினசோட்டாவுல ஏரிக்கரையில படகு வாடகைக்கு விடறாராம். கூட வந்து பாத்துக்கன்னு கூப்பிடறார். ஜூன் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. இத்தன வருஷமா அதத்தானே பண்றே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மீன் ருசியாக இருந்ததா என்று ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 13

கர்ட் கடைக்குப் போனேன். இந்த மூன்று பள்ளத்தாக்குக்கும் தூண்டில் கடை அவனுடையது ஒன்றுதான்.

"எதுக்குக் கோலு?"

"சின்ன ஓடைக்கு. ட்ரவுட்."

"சரி."

"அப்புறம்... எப்பவாவது பாஸ்."

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். "எப்பவாவதுன்னா எவ்வளவு எப்பவாவது?"

"சும்மா. ஒரு தடவ, ரெண்டு தடவ."

"மினசோட்டா பக்கத்து பாஸா, நம்மூரு பாஸா?"

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. அவன் கோல்களை எடுத்து வைத்தான்.

கோலுக்கு இருக்கும் எண், அது தாங்கும் நூலின் கனம். மூன்றாம் எண் ட்ரவுட்டுக்குச் சொர்க்கம். நூல் தண்ணீரில் சத்தமே இல்லாமல் உட்காரும், கையகல மீன்கூட கோலை வளைக்கும். ஆனால் பாஸுக்கு வீசுவது மான் முடியில் கட்டின பொய்த் தவளை. அதைச் சன்ன நூல் தூக்கிப் போகாது. ஐந்தாம் எண் தூக்கும். அதில் சின்ன ட்ரவுட் மாட்டினால் மாட்டினதே தெரியாது. நடுவில் நான்கு. நான்கு என்பது எனக்கு ஏனோ முடிவெடுக்கத் தெரியாதவனின் எண்ணாகப் பட்டது.

கடைக்குப் பின்னால் பெரிய புல்வெளி. நுனியில் கம்பளி நூல் முடிச்சைக் கட்டி வீசிப் பார்ப்போம். ஒன்பதடி, ஐந்தாம் எண், விறைப்பான கார்பன் கோல். ஐயோ, அதை எடுத்து வீசினேன் பாருங்கள்! நூல் வேலியைத் தாண்டி பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டு வரைக்கும் போயிற்று. ரோட்டில் போன ஒருவர் காரை நிறுத்திக் கை தட்டினார். கர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அதற்குள் பணத்தை எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 14

தேவாலயத்தில் மூன்று பேர் பாஸைப் பற்றி விசாரித்தார்கள். போதகரையும் சேர்த்து.

மே 4, சனி

சீசன் ஆரம்பம். எழுத மனசே இல்லை.

என் ஓடையில் பாதி இடம் நான் தாண்டிவிடக்கூடிய அகலம்தான். இரண்டு பக்கமும் புதர், மேலே கிளை. ஒன்பதடிக் கோலைத் தூக்கினால் கிளையில் மாட்டுகிறது, சாய்த்தால் புதரில் மாட்டுகிறது, பின்னால் கொண்டுபோனால் மாட்டில் மாட்டுகிறது. மாடு என்றால் நிஜ மாடுதான், எல்லிங்சன் பண்ணையினுடையது. என் தொப்பியை நானே இரண்டு முறை பிடித்தேன். அந்தக் கோல் வளைவதற்கே முப்பதடி நூல் வெளியே வேண்டும். எனக்கு அங்கே வேண்டியது பத்தடி! பத்தடியில அது விறகுக் கட்ட! விறகுக் கட்டய வாங்கிட்டு வந்திருக்கேன் நானு, அதுவும் எவனோ கை தட்டினதுக்கு!

ஒரு மீன் எடுத்தது. இழுத்தேன். அது தலைக்கு மேல் பறந்து பின்னாலிருந்த புல்லில் விழுந்தது. தேடியெடுத்து மன்னிப்புக் கேட்டுத் தண்ணீரில் விட்டேன். பேனா நீளம்தான் இருக்கும்.

மே 6

டுவேன் லாரியில்: "அண்ணே, அந்தக் கோலக் கொடுங்க, விளக்குக் கம்பத்துல பல்பு மாத்தலாம்."

யோசித்துப் பார்த்தால், நான் கோல் வாங்கியது ஓடைக்கும் இல்லை, ஆற்றுக்கும் இல்லை. புல்வெளிக்கு. நம் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான். புல்வெளியில் கிளையும் இல்லை, மீனும் இல்லை, எல்லோரும் ராஜா. நாம் நிற்கப்போகிற இடத்தில் நின்று பார்க்காமல் எதையும் எடுக்கக்கூடாது. இது கோலுக்கு மட்டுமா என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொண்டு படுக்கப் போகிறேன்.

மே 11, சனி

கர்ட் சிரிக்காமல் கோலைத் திரும்ப எடுத்துக்கொண்டான். சிரிப்பையெல்லாம் முன்னாடியே சிரித்துத் தீர்த்திருப்பான்.

"இன்னைக்கு ஒழுங்காப் பாக்கலாம்" என்று அழைத்துப் போனான். புல்வெளியில் அவன் மனைவி துணி காயப் போட்டிருந்தாள். "முட்டி போடு. அந்தத் துணிக்கொடிக்குக் கீழதான் நூலு போகணும். அதான் உன் ஓடை."

முட்டி போட்டேன். ஐம்பத்தாறு வயதில், சனிக்கிழமை காலையில், அடுத்தவன் வீட்டுப் படுக்கை விரிப்புக்கு முன்னால். முதலில் மூன்றாம் எண், ஏழடி. உடைந்த என் கோலே உயிரோடு வந்த மாதிரி இருந்தது. விரிப்புக்கும் புல்லுக்கும் நடுவே நூல் நழுவிப் போய் உட்கார்ந்தது. இதேதான் வேண்டும் என்றேன்.

"இரு" என்று கர்ட் அதன் நுனியில் ஒரு மான்முடித் தவளையைக் கட்டினான். கொக்கியை வெட்டிவிட்டுத்தான். வீசினேன். தவளை பாதி வழியில் களைத்துப்போய் என் காதிலேயே வந்து அறைந்தது. ஜன்னலில் இருந்து அவன் மனைவி, "தப்பு காது மேல இல்ல ஆர்லின், அது ரொம்ப நாளா வாய் மேலதான்!" என்றாள். இந்த ஊரில் ரகசியம் என்று ஒன்று மீன் பிடிக்கிற இடத்தைத் தவிர வேறெதற்கும் கிடையாது.

பிறகு நான்காம் எண். ஏழரையடி, நடுத்தரமாக வளைகிறது. முட்டி போட்டு விரிப்புக்கு அடியில் வீசினேன், போயிற்று. எழுந்து தவளையோடு வீசினேன், போகவில்லை.

"கோலப் பெருசாக்காத. தவளயச் சின்னதாக்கு" என்று கர்ட் கத்தரியை எடுத்து அதன் முடியைப் பாதியாக நறுக்கினான். தவளை இப்போது தவளைக்குஞ்சு. "இப்ப வீசு. அவசரப்படாத. நூலு பின்னால முழுசா நீளட்டும், அப்புறம் முன்னால கொண்டு வா."

காத்திருந்தேன். கொண்டு வந்தேன். நாற்பதடி போய் விழுந்தது. கோழிக்கூண்டு வரைக்கும் போகவில்லை. யாரும் கை தட்டவும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷச் சிரிப்பு.

அதை எடுத்துக்கொண்டேன். நான்கு முடிவெடுக்கத் தெரியாதவனின் எண் இல்லை. இரண்டு இடத்துக்கும் போக நினைக்கிறவனின் எண்.

மே 18

ஓடை. புதுக் கோல். பதினொரு அங்குல ட்ரவுட் கைப்பிடி வரைக்கும் வளைத்தது. மாடு எதுவும் மாட்டவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

வெள்ளைப் பாறை.

அவள் முழங்கால் தண்ணீரில் நின்றாள், நூலைச் சக்கரத்தில் சுற்றி இழுக்கிற தன் கோலோடு. நான் கீழே நின்று குட்டித் தவளையை வீசினேன். பாறை நிழலில் ஒரு இழு, நிறுத்து, ஒரு இழு. தண்ணீர் வெடித்தது. அப்படித்தான் எழுத வேண்டும், வேறு வார்த்தை இல்லை. கோல் அரைவட்டமாக வளைந்தது. அந்த மீன் கீழே போயிற்று, மேலே வந்து குதித்தது, மறுபடி கீழே போயிற்று. நான் "ஐயோ! ஐயோ! ஐயோ!" என்று கத்தினேனாம். லவோன் அப்படித்தான் சொல்கிறாள். கைக்கு வந்தபோது பித்தளை நிறம், சிவந்த கண், என்னை முறைத்தது.

"என்ன, செருப்பா?" என்றாள்.

"இல்லைங்க. பூட்ஸு."

தண்ணீரில் உட்கார்ந்தே விட்டாள் சிரித்து. இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை காலம்! கரையில் அவள் கொண்டுவந்த சீஸும் ரை ரொட்டியும் சாப்பிட்டோம். அண்ணனைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. மடையன். வாயில் ரொட்டி இருந்தது என்று சாக்குச் சொல்லிக்கொள்கிறேன். ரொட்டி எவ்வளவு நேரம் இருக்கும்?

ஜூன் 16

இன்றும் கேட்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

வெர்னா: "இன்னும் ஒரு வெள்ளிதான் இருக்கு இந்த மாசத்துல. எண்ணத் தெரியுமில்ல?"

போய்விடுவாளோ? போனால் நான் என்ன செய்வேன்? ரோடு போடுவேன். பனி வழிப்பேன். எப்போதும் செய்தது. முன்பெல்லாம் அது போதுமாக இருந்தது. இப்ப போதாது. போதவே போதாது.

அவள் தன் இடத்தைச் சொன்னாள். நான் என்ன சொன்னேன்?

ஜூன் 27, வியாழன்

வேலை முடிந்ததும் தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். "ஒரு இடத்துக்கு வர்றீங்களா? வண்டிய தூரமா நிறுத்திட்டு நடக்கணும்" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கேலியும் செய்யவில்லை. வெள்ளை ரப்பர் பூட்ஸைக்கூட மாற்றாமல் ஏறிக்கொண்டாள்.

எல்லிங்சன் வேலிக்கு மேலே, பாறைக்கு அடியிலிருந்து ஊற்று வருகிற மடு. நான் முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. வெர்னாவுக்குத் தெரியாது. டுவேன் மூன்று வருஷமாக என்னைப் பின்தொடர்ந்தும் கண்டுபிடிக்கவில்லை. கோலை அவள் கையில் கொடுத்தேன். அவளுக்கு இந்த மாதிரி நூல் வீசிப் பழக்கம் குறைவு. "முட்டி போடணும்" என்றேன். "ஜெபம் எங்கே?" என்றாள். ஆனால் போட்டாள். இரண்டு தடவை புல்லில் மாட்டியது. மூன்றாவது, நூல் நுனியில் கட்டின பொய் ஈ போய் நுரை ஓரத்தில் உட்கார்ந்தது.

பெரிய பழுப்பு ட்ரவுட். அந்த மடுவில் அது இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானே அதைத் தொட்டதில்லை. அவளுக்கு எடுத்தது. கோல் வளைந்த வளைவில் அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கைக்கு வந்தபோது அவள் முழங்கையிலிருந்து விரல் வரை இருந்தது. மெதுவாக விட்டாள். விட்ட கையை அப்படியே தண்ணீரில் வைத்திருந்தாள்.

"இந்த இடம் யாருக்கும் தெரியாது" என்றேன்.

"இப்ப எனக்குத் தெரியுமே" என்றாள்.

அவ்வளவுதான். திரும்பி நடந்தோம். கேட்க வேண்டியதை மறுபடியும் கேட்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. மீதி?

ஜூன் 28, வெள்ளி

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வரும். வரட்டும்.

மீன் வறுவல், கடை நிரம்பி வழிந்தது. லவோன் வந்தாள். அவள் போனில் அந்த ட்ரவுட்டின் படம் மேஜை மேஜையாகப் போயிற்று. ஒவ்வொருத்தனும் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தான். டுவேன் எழுந்து வந்தான்.

"அக்கா, சத்தியமா சொல்லுங்க. இது எங்க பிடிச்சது?"

கடையே இந்தப் பக்கம் திரும்பியது. அவள் மினசோட்டாக்காரி, வெளியூர், இன்னும் மூன்று நாளில் கிளம்பிவிடக்கூடியவள். சொன்னால் அவளுக்கு என்ன நஷ்டம்? படத்தைப் பார்த்தாள். பிராந்தியை ஒரு வாய் குடித்தாள்.

"தேவாலயத்துக்குப் பின்னால, ரெண்டாவது பாலம். குழாய்க்குக் கீழ."

"அங்கயா? அங்க தவள கூட இருக்காதே!"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். முகத்துல வெள்ளப் புள்ளி வெச்ச மாடு ஒண்ணு நிக்குது பாரு, அதுக்கு நேர் எதிர. மண்புழுவுலதான் வந்துச்சு."

மண்புழு! என் கோலில்! கண் இமைக்காமல் சொன்னாள். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவன்கூட அவ்வளவு சுத்தமாகப் பொய் சொன்னதில்லை. கடையில் இருந்த எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும். எப்படிப்பட்டவர்கள் எப்படிப்பட்ட இடத்துக்காக அந்தப் பொய்யைச் சொல்வார்கள் என்பதும் தெரியும். தன் சொந்த இடத்துக்காகத்தான் சொல்வார்கள். வெர்னா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். கண்ணாலேயே எட்டி உதைத்தாள்.

"போகாதீங்க லவோன்" என்றேன்.

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். பாட்டுப் பெட்டி அந்த நேரம் பார்த்து நின்று தொலைத்தது. கடைக்கோடி வரைக்கும் கேட்டுவிட்டது.

"எங்க?" என்றாள்.

"அண்ணன்கிட்ட. படகு. ஏரி. போகாதீங்க. நான் வந்து... எனக்கு நீங்க இல்லாம... நான் பாஸ் பிடிக்கிறேன். தினமும் பிடிக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. கர்ட் மட்டும் மேஜைத் துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

லவோன் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள். "ஊர விட்டுப் போறவ எதுக்குய்யா இப்படி ஒரு பொய் சொல்லணும்? அண்ணன்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன், வேற ஆளப் பாத்துக்கன்னு. நீ எப்ப கேப்பேன்னுதான் ஏப்ரல்ல இருந்து பாத்துட்டிருக்கேன்."

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நிறையப் பேர் முதுகில் தட்டினார்கள். முதுகு இன்னும் வலிக்கிறது. வெர்னா எனக்கு இரண்டாவது தட்டு மீன் வைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய்ப் புகை என்றாள்.

ஜூலை 13

கர்ட் கடை. "எதுக்குக் கோலு?" "நாலாம் எண், ஏழரையடி, அதே மாதிரி இன்னொண்ணு. என்னோடத அவ திருப்பித் தரமாட்டேங்கறா."

ஆகஸ்ட் 25

மடு. வெள்ளைப் பாறை. ஒரே நாளில் இரண்டும். உடம்பெல்லாம் வலி, மனசெல்லாம் நிறைவு. அவளுக்கு ஆறு மீன், எனக்கு நான்கு. சண்டை இன்னும் முடியவில்லை: ஆறில் ஒன்று கணக்கில் சேராது என்பது என் கட்சி.

அக்டோபர் 15

ட்ரவுட் சீசன் முடிந்தது. முதல் தடவையாக எனக்கு வருத்தம் வரவில்லை.

நவம்பர் 21, வியாழன்

முதல் பனி. விடியுமுன் வண்டியை எடுத்தேன். பள்ளத்தாக்குச் சாலை, தேவாலயம், தொழிற்சாலை, எல்லாம் வழித்தாயிற்று. ஆற்றோரத்து வாடகை வீட்டு வாசலில் பனி அப்படியே கிடந்தது. உள்ளே விளக்கு இல்லை, அங்கே இப்போது யாரும் இல்லை. வேகத்தைக் குறைக்காமல் தாண்டி வந்தேன்.

கடைசியாக என் வீட்டு வாசல். இத்தனை வருஷமும் ஒரு கார் போகிற அகலத்துக்கு வழித்தால் போதும். இன்று இரண்டு கார் அகலத்துக்கு வழித்தேன். லவோன் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும்.